இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் எழுத்துத் தேர்வு: வினா வங்கியை மனப்பாடம் செய்யாமல் தேற முடியுமா?

கேள்வி: தனியார் விமானி உரிமம் பெற்று, இப்போது இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (வெளியே பார்க்காமல் கருவிகளைக் கொண்டே பறப்பதற்கான தகுதி) எழுத்துத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். தேர்வுக்கு எட்டு வாரங்கள் உள்ளன. ஏற்கெனவே தேர்வெழுதியவர்கள் நினைவில் வைத்து வந்து சொன்ன கேள்விகளைத் தொகுத்த கோப்பு ஒன்று என் வகுப்பில் கைமாறிக்கொண்டிருக்கிறது. அதை நான்கு முறை படித்தாலே போதும் என்கிறார்கள். அவர்கள் மாதிரித் தேர்வுகளில் 90க்கு மேல் எடுக்கிறார்கள். பாடநூலைப் படிக்கும் நான் 62 எடுக்கிறேன். நேர்மையாகப் படித்து இந்தத் தேர்வில் தேற முடியுமா? எப்படிப் படிப்பது?

பதில்: தாராளமாக முடியும். எட்டு வாரங்கள் மீதமிருக்கையில், விளங்கிப் படித்து எடுத்த 62 மதிப்பெண் எனக்குக் கவலை தரவில்லை. தேர்ச்சி வரம்பை 70 என்றும் 75 என்றும் வைத்திருக்கும் நாடுகள் உண்டு. உங்களுக்கும் அந்த வரம்புக்கும் உள்ள தொலைவு சில வாரங்களில் கடக்கக்கூடியதே.

கோப்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பயிற்சிக்கென்று வெளிப்படையாக விற்கப்படும் வினா வங்கிகளும், தேர்வு அறையிலிருந்து நினைவில் கடத்தி வந்த கேள்விகளும் ஒன்றல்ல. முன்னதைப் பயன்படுத்துவதில் தவறில்லை. எப்படிப் பயன்படுத்துவது என்று பின்னால் சொல்கிறேன். பின்னதைத் தொடாதீர்கள். எழுத்துத் தேர்வின் கேள்விகளை நகலெடுப்பது, வெளியே கொண்டுவருவது, பிறருக்குத் தருவது, பிறரிடமிருந்து பெறுவது ஆகியவை அமெரிக்க விதிகளில் வெளிப்படையாகத் தடைசெய்யப்பட்டுள்ளன. மீறியவர் ஓராண்டுக்கு எந்த உரிமத்துக்கும் ரேட்டிங்குக்கும் விண்ணப்பிக்க முடியாது. உங்களுக்குப் பொருந்தும் விதியைத் தேர்வுக்குப் பதிவு செய்யும் முன் நீங்களே ஒருமுறை படித்துவிடுங்கள். ஆனால் தண்டனைக்கு அஞ்சி மட்டும் அதைத் தவிர்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இந்தத் தேர்வின் பாடங்களில் பெரும்பகுதி, ஜன்னலுக்கு வெளியே எதுவும் தெரியாத நேரத்தில் கருவிகள் காட்டுவதை நம்பலாமா, கூடாதா என்று முடிவெடுப்பதற்கானவை. அங்கே அ, ஆ, இ, ஈ என்று நான்கு விடைகளை யாரும் எழுதி வைத்திருப்பதில்லை.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகவே பார்ப்போம். எதிர்வரும் காற்றின் அழுத்தத்தை எடுக்கும் பிட்டோ குழாயும் அதன் வடிகால் துளையும் பனிக்கட்டியால் அடைபட்டு, சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தை எடுக்கும் ஸ்டாடிக் துளை மட்டும் திறந்திருக்கும் நிலையில் விமானம் மேலேறினால் காற்றுவேகமானி என்ன காட்டும் என்பது வினா வங்கிகளில் பல வடிவங்களில் வரும் கேள்வி. விடை, வேகம் கூடுவதாகக் காட்டும் என்பது. கோப்பைப் படிப்பவர் இதை ஒரு வரியாக நினைவில் வைப்பார். இறங்கினால் என்னவாகும், ஸ்டாடிக் துளை அடைபட்டால் என்னவாகும், இரண்டும் அடைபட்டால் என்னவாகும் என்பவற்றுக்கு அவருக்குத் தனித்தனி வரிகள் வேண்டும். நீங்கள் ஒரு வெள்ளைத்தாளில் பிட்டோ குழாயையும் ஸ்டாடிக் குழாயையும் வரைந்து, காற்றுவேகமானி இவ்விரு அழுத்தங்களின் வித்தியாசத்தை மட்டுமே அறியும் என்று எழுதிக்கொள்ளுங்கள். பிட்டோ அழுத்தம் குழாய்க்குள் சிறைப்பட்டுவிட்டது. ஏறும்போது ஸ்டாடிக் அழுத்தம் குறைகிறது. ஆகவே வித்தியாசம் கூடுகிறது, முள் உயர்கிறது. அந்த நிலையில் காற்றுவேகமானி ஓர் உயரமானியைப் போலவே நடந்துகொள்கிறது. இப்போது அடைப்பை ஸ்டாடிக் துளைக்கு மாற்றுங்கள். உயரமானி உறைந்து நிற்கும், ஏறிறங்கு வேகமானி சுழியத்தில் நிற்கும், ஏறும்போது காற்றுவேகமானி உண்மையைவிடக் குறைவாகவும் இறங்கும்போது கூடுதலாகவும் காட்டும். ஒரே படத்திலிருந்து ஏழெட்டுக் கேள்விகளுக்கு விடை வந்துவிடுகிறது.

இந்தக் கேள்வி ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 1974 டிசம்பர் 1 அன்று, நார்த்வெஸ்ட் ஓரியண்ட் நிறுவனத்தின் 6231ஆம் எண் போயிங் 727 விமானம் பயணிகள் இல்லாமல் நியூயார்க்கிலிருந்து புறப்பட்டது. பிட்டோ சூடேற்றிகள் இயக்கப்படாததால் பிட்டோ முனைகள் பனிக்கட்டியால் அடைபட்டன. விமானம் ஏற ஏற வேகமானிகள் வேகம் கூடுவதாகக் காட்டின. குழுவினர் அதை நம்பி மூக்கை மேலும் மேலும் உயர்த்தினர். விமானம் ஸ்டால் ஆகி, அதாவது இறக்கைகள் தாங்குதிறனை இழந்து, விழுந்தது. உள்ளே இருந்த மூவரும் இறந்தனர். அனுபவமுள்ளவர்களுக்கே அப்படி நேர்ந்திருக்கிறது என்னும்போது, மேலே வரைந்த படத்தை எந்தத் தாளும் இல்லாமல் மனத்தில் வரையும் அளவுக்குப் பழகிக்கொள்வதை நான் அதிகப்படியான உழைப்பாகக் கருதவில்லை.

உயரமானிப் பாடத்தையும் இதே வழியில் அணுகுங்கள். இறங்கும்போது உயரமானியின் அழுத்த அமைப்பை, திட்ட அளவான 1013 ஹெக்டோபாஸ்கலிலிருந்து விமான நிலையத்தின் கியூ.என்.எச். (கடல்மட்டத்துக்குக் கணக்கிட்ட அங்கத்திய காற்றழுத்தம்) அளவான 983க்கு மாற்ற மறந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கடல்மட்டத்தை ஒட்டி ஒரு ஹெக்டோபாஸ்கலுக்குச் சுமார் 27 அடி என்று கொண்டால், வித்தியாசம் ஏறத்தாழ 810 அடி. அமைப்பில் உள்ள எண் பெரிதாக இருந்தால் காட்டும் உயரமும் கூடுதலாக இருக்கும். ஆகவே நீங்கள் நினைப்பதைவிட 810 அடி தாழ்வாகப் பறக்கிறீர்கள். குளிர்காற்றுத் திருத்தமும் இதன் உடன்பிறப்புதான். திட்ட வளிமண்டலத்தைவிட (கடல்மட்டத்தில் 15 டிகிரி எனக் கொள்ளும் மாதிரி) வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால், உயரமானி அமைப்புக்கு ஆதாரமான நிலையத்துக்கு மேலுள்ள உயரத்தில் சுமார் 4 சதவீதம் பிழை என்பது நடைமுறைக் கணக்கு. கடல்மட்டத்தில் அமைந்த நிலையத்தில் வெப்பநிலை மைனஸ் 25 என்றால் விலகல் 40 டிகிரி, பிழை 16 சதவீதம். 1,500 அடி காட்டும்போது விமானம் சுமார் 240 அடி தாழ்ந்திருக்கும். எண்களை நீங்களே மாற்றி மாற்றிப் போட்டுக் கணக்கிடுங்கள். தேர்வில் எண் மாறினால் கோப்பைப் படித்தவர் தடுமாறுவார். உங்களுக்கு அது இன்னொரு கணக்கு மட்டுமே.

ஹோல்டிங் (ஓரிடத்தில் நீள்வட்டமாகச் சுற்றிக் காத்திருத்தல்) நுழைவுமுறைகளில்தான் பலர் மதிப்பெண்ணை இழக்கிறார்கள். 110, 70, 180 டிகிரிப் பிரிவுகளை மனப்பாடம் செய்வதைக் காட்டிலும், உங்கள் தலைத்திசையை நேர் முன்னே வைத்து, ஹோல்டிங்கின் வெளிச்செல்லும் திசை உங்களுக்கு எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள். வலத்திருப்ப ஹோல்டிங்கில் அது வலப்புறம் 70 டிகிரிக்குள் விழுந்தால் ஆஃப்செட் நுழைவு (சாய்வாக வெளியே சென்று திரும்புவது), இடப்புறம் 110 டிகிரிக்குள் விழுந்தால் இணை நுழைவு (உள்வரும் பாதைக்கு இணையாக வெளியே சென்று திரும்புவது), பின்புறம் விழுந்தால் நேர் நுழைவு. உள்வரும் பாதை 090 என்றால் வெளிச்செல்லும் திசை 270. நீங்கள் 220 திசையில் வந்தால் அது வலப்புறம் 50 டிகிரியில் இருக்கிறது: ஆஃப்செட். 300 திசையில் வந்தால் இடப்புறம் 30 டிகிரி: இணை நுழைவு. 060 திசையில் வந்தால் பின்புறம்: நேர் நுழைவு. எல்லைக்கு இருபுறமும் 5 டிகிரி நெகிழ்வு உண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாளைக்கு ஐந்து திசைகளைக் குலுக்கலில் எடுத்து வரையுங்கள். இரண்டு வாரங்களில் காகிதம் தேவைப்படாது. இடத்திருப்பத்துக்கு இதையே கண்ணாடி பிம்பமாகப் புரட்டிப் பாருங்கள். அந்த இடத்தில்தான் உண்மையாக விளங்கியிருக்கிறதா என்பது தெரியும்.

ஐ.எல்.எஸ். (ஓடுபாதைக்கு ரேடியோ அலைகளால் வழிகாட்டும் அமைப்பு) பாடத்தில், இடவலம் காட்டும் லோக்கலைசரும் இறங்கு கோணம் காட்டும் கிளைடு பாத்தும் 90 ஹெர்ட்ஸ், 150 ஹெர்ட்ஸ் பண்பேற்றங்களின் வலிமையை ஒப்பிட்டு இயங்குகின்றன என்பதை விளங்கிக்கொண்டால், 3 டிகிரிக் கிளைடு பாத்துக்கு மேலே 9 டிகிரியை ஒட்டிப் பொய்யான பாதை ஏன் தோன்றுகிறது, சரியான பாதையைக் கீழிருந்தே பிடிக்க வேண்டும் என்று ஏன் வலியுறுத்துகிறார்கள் என்பவை தாமாக விளங்கும். 3 டிகிரிப் பாதையில் ஒரு நாட்டிகல் மைலுக்குச் சுமார் 318 அடி இறங்க வேண்டும். தரைவேகத்தை ஐந்தால் பெருக்கினால் நிமிடத்துக்கு எத்தனை அடி என்ற தோராயம் கிடைக்கும், 120 நாட் வேகத்துக்கு 600 அடி.

ஓடுபாதையை நெருங்கும் வழியையும் உயரங்களையும் காட்டும் அப்ரோச் சார்ட்டைப் படிப்பதற்குத் தனி நேரம் ஒதுக்குங்கள். நான் மேலே சொன்ன அதே 1974 டிசம்பர் 1 அன்றுதான், டி.டபிள்யூ.ஏ. 514 விமானம் வாஷிங்டனின் டல்லஸ் விமான நிலையத்தை நெருங்கும்போது மலையில் மோதி 92 பேர் இறந்தனர். அப்ரோச்சுக்கு அனுமதி கிடைத்தவுடன் குழுவினர் 1,800 அடிக்கு இறங்கத் தொடங்கினர்; அவர்கள் இருந்த பகுதியில் அந்த உயரம் பாதுகாப்பானதாக இல்லை. அனுமதி என்ற சொல்லைக் கட்டுப்பாட்டாளர் ஒருவிதமாகவும் விமானிகள் வேறுவிதமாகவும் புரிந்துகொண்டிருந்தது விசாரணையில் பெரிதாகப் பேசப்பட்டது. வெளியிடப்பட்ட பாதைப் பகுதியில் நிலைகொள்ளும் வரை கடைசியாகத் தரப்பட்ட உயரத்திலேயே இருக்க வேண்டும் என்ற விதி அதன் பின்னர் தெளிவாக்கப்பட்டது. நீங்கள் படிக்கும் ஒவ்வொரு விதிக்கும் பின்னால் இப்படி ஒரு காரணம் இருக்கக்கூடும். காரணத்தோடு படித்த விதி மறப்பதில்லை. ஒரு நாளைக்கு ஒரு சார்ட்டை எடுத்து, கேள்வி எதுவும் இல்லாமல், நுழைவது முதல் மிஸ்டு அப்ரோச் (இறங்குவதைக் கைவிட்டு மீண்டும் மேலேறுதல்) வரை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: இந்த இடத்தில் எந்த உயரம், அதற்குக் கீழே எப்போது போகலாம், எந்த இடத்தில் முடிவெடுக்க வேண்டும்.

மனப்பாடமே செய்யக்கூடாது என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். விமானத்தை ரேடாரில் அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டரின் 7500 (கடத்தல்), 7600 (வானொலித் தொடர்பிழப்பு), 7700 (அவசரநிலை) குறியீடுகள், வானிலை அறிக்கைச் சுருக்கங்கள், 14,000 அடி வரை ஹோல்டிங்கின் வெளிப்பாதை ஒரு நிமிடம், அதற்கு மேல் ஒன்றரை நிமிடம் போன்றவற்றை மனத்தில் பதிக்கத்தான் வேண்டும். சிறு அட்டைகளில் எழுதி, நாள்தோறும் பத்து நிமிடம் புரட்டினால் போதுமானது.

எட்டு வாரங்களை நான் இப்படிப் பிரிப்பேன். முதல் ஐந்து வாரங்கள் வினா வங்கியைத் திறக்காமல் பாடநூலும் வெள்ளைத்தாளும் மட்டும். ஆறாவது வாரத்தில் வினா வங்கியைத் திறங்கள். ஆனால் விடைகளைக் கையால் மறைத்துவிட்டு, கேள்வியை மட்டும் படித்து, உங்கள் விடையை எழுதிய பிறகே நான்கையும் பாருங்கள். சரியான விடையைக் குறித்ததோடு நிற்காமல், மற்ற மூன்றும் ஏன் தவறு என்று ஒவ்வொரு வரி எழுதுங்கள். ஒரு நாளைக்கு இருபது கேள்விகளுக்கு மேல் இப்படிச் செய்ய முடியாது. அந்த வேகமே சரியான வேகம். தவறிய கேள்விகளுக்கு ஒரு குறிப்பேடு வைத்து, அதில் கேள்வியை எழுதாமல் தவறின் காரணத்தை எழுதுங்கள்: கருத்து விளங்கவில்லை, கணக்கில் பிழை, கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை, விதி நினைவில்லை என்று. ஒரு வாரம் கழிந்ததும் எந்தக் காரணம் மிகுதியாக வருகிறது என்று பாருங்கள். கருத்து விளங்காமை மிகுந்தால் பாடநூலுக்குத் திரும்புங்கள். கவனக்குறைவு மிகுந்தால் மேலும் படிப்பதால் பயனில்லை, மெதுவாகப் படிக்கப் பழகுங்கள்.

ஏழாவது வாரத்தில் நேரக் கட்டுப்பாட்டுடன், இதுவரை நீங்கள் பார்க்காத கேள்விகளைக் கொண்டு மூன்று முழு மாதிரித் தேர்வுகள் எழுதுங்கள். பார்த்த கேள்விகளில் எடுக்கும் 95 உங்களுக்கு எதையும் சொல்லாது. பார்க்காத கேள்விகளில் எடுக்கும் 80தான் உங்கள் உண்மையான அளவு. அது 80க்குக் கீழே இருந்தால், முடியுமெனில் தேர்வைத் தள்ளிப்போடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கடைசி வாரத்தில் குறிப்பேட்டையும் அட்டைகளையும் தவிர வேறெதையும் புதிதாகத் தொட வேண்டாம்.

உடன் படிப்பவர்களிடம் என்ன சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை. எனினும் அது உங்களை அழுத்துகிறது என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. அவர்களுக்கு அறிவுரை சொல்ல வேண்டியதில்லை. யாராவது ஒருவரை அழைத்து, ஹோல்டிங் படத்தையோ பிட்டோ படத்தையோ வரைந்து விளக்கிக் காட்டுங்கள். விளக்கும்போது எந்த இடத்தில் உங்கள் நாக்கு தடைபடுகிறதோ, அந்த இடம் உங்களுக்கும் விளங்கவில்லை என்று பொருள். வினா வங்கியின் ஆயிரம் கேள்விகளைவிட இப்படி அரைமணி நேரம் பேசுவது எனக்கு அதிகம் பயன்பட்டிருக்கிறது.

தேர்வு முடிந்து முடிவு கையில் வந்த பிறகு, தவறிய பாடப்பகுதிகள் எவை என்பது அறிக்கையில் குறிக்கப்பட்டிருந்தால், தேர்ச்சி பெற்றுவிட்டோம் என்று அதை மடித்து வைத்துவிடாதீர்கள். அதை உங்கள் பயிற்றுநரிடம் காட்டி, அந்தப் பகுதிகளை அடுத்த சிமுலேட்டர் வகுப்பிலேயே எடுத்துக்கொள்ளுமாறு கேளுங்கள். செய்முறைத் தேர்வில் தேர்வாளர் வாய்மொழியாகத் தொடங்கும் கேள்விகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும்.