ஓக் துண்டும் ஒரு ஜாடி ஸ்பிரிட்டும்: விஸ்கி வாசனை லிக்யூர் பற்றி நீங்கள் கேட்டவை

இலையுதிர் காலம் வந்தால் போலந்தில் நிறைய வீடுகளில் ஒரு பெரிய கண்ணாடி ஜாடியைப் பார்க்கலாம். உள்ளே செர்ரியோ பிளம்ஸோ ஸ்பிரிட்டில் ஊறிக்கொண்டிருக்கும். நலெஃப்கா என்பார்கள். கீழ்வீட்டுப் பாட்டியிடம்தான் நான் இதைக் கற்றுக்கொண்டேன். படித்தது வேதியியல் என்பதால் ஏன், எப்படி என்று நோண்டிக்கொண்டே பழத்திலிருந்து ஓக் மரத்துக்கு நகர்ந்து, இப்போது எட்டு வருடமாக விஸ்கி வாசனை லிக்யூர்தான் அதிகம் செய்கிறேன். லிக்கர் என்றால் பொதுவாக மது. லிக்யூர் என்பது இனிப்பும் வாசனையும் சேர்த்தது, ஐரோப்பிய விதிப்படி பெரும்பாலும் லிட்டருக்குக் குறைந்தது 100 கிராம் சர்க்கரை இருக்க வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு வந்த கேள்விகள் நிறைய, அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அக்கா, ஹாஸ்டலில் செய்து பார்க்க ஆசை. வீட்டில் சரக்கு செய்வது குற்றம் இல்லையா? (போலந்து, வ்ரோட்ஸ்வாஃப்)

காய்ச்சுவது வேறு, ஊறப்போடுவது வேறு. நம்ம ஊரில் ஊறல் என்றாலே போலீஸ் உடைக்கும் பானைதான் ஞாபகம் வரும், அது காய்ச்சுவதற்காகப் புளிக்கவைத்தது. நாம் செய்வது, கடையில் வரி கட்டி வாங்கிய ஸ்பிரிட்டில் மரத்தையும் மசாலாவையும் போட்டு எடுப்பது மட்டும். போலந்தில் அனுமதி இல்லாமல் காய்ச்சி வடிப்பது சொந்த உபயோகத்துக்கே குற்றம், ஆனால் நலெஃப்கா போடுவதற்கு யாரும் எதுவும் சொல்வதில்லை. விற்காதீர்கள், அது தனிச் சட்டம். ஹாஸ்டல் விதி என்ன என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள், 96 சதவீத ஸ்பிரிட் எளிதில் தீப்பிடிக்கிற பொருள்.

இங்கே கடைகளில் நியூட்ரல் ஸ்பிரிட் (தனி வாசனை இல்லாத, குடிக்கத்தக்க வலுவான ஆல்கஹால்) கிடைக்காது. கெமிக்கல் கடையில் எத்தனால் வாங்கி, கரித்தூளில் வடிகட்டிப் பயன்படுத்தலாமா? (கோவை)

கூடாது. இந்தக் கேள்வி வந்த அன்றே அவருக்குத் தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன், ஆனாலும் எல்லோரும் படிக்க வேண்டும் என்று இங்கேயும் எழுதுகிறேன். தொழிற்சாலைக்கும் சோதனைக்கூடத்துக்கும் போகும் ஸ்பிரிட்டில், யாரும் குடித்துவிடக் கூடாது என்பதற்காகவே நஞ்சு கலந்திருக்கலாம். அதில் மெத்தனால் இருந்தால் மூக்குக்கோ நாக்குக்கோ தெரியாது. கரித்தூள் அதை எடுக்காது, மசாலா முறிக்காது, மேலே நெருப்பு வைத்து நீலமாக எரிகிறதா என்று பார்ப்பதும் எதையும் நிரூபிக்காது. குடித்த உடனே ஒன்றும் தெரியாமல், அரை நாள், ஒரு நாள் கழித்துக் கண் மங்க ஆரம்பிக்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்தது மெத்தனால் கலந்த சாராயத்தால்தான். எங்கே யார் குடித்துவிட்டுக் கண் மங்குகிறது என்றாலும், தூங்கி எழுந்தால் சரியாகும் என்று விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். சீக்கிரம் போனால் மருந்து இருக்கிறது.

உங்களுக்கு வழி இல்லாமல் இல்லை. சீல் வைத்த சாதாரண வோட்கா வாங்குங்கள். 42.8 சதவீதம் இருக்கும். மரம் ஊற இன்னும் கொஞ்சம் நாள் பிடிக்கும், கடைசியில் தண்ணீர் குறைவாகச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

அளவோடு ஒரு அடிப்படை முறை சொல்லுங்களேன். எல்லோரும் ஒரு கைப்பிடி, கொஞ்சம் என்றே எழுதுகிறார்கள். (இத்தாலி, பொலோன்யா)

உங்கள் ஊரில் சூப்பர்மார்க்கெட்டிலேயே லிமோன்செல்லோ என்ற எலுமிச்சை லிக்யூருக்காக 95, 96 சதவீத ஸ்பிரிட் விற்பார்கள், கொடுத்துவைத்தவர். அரை லிட்டர் பாட்டில் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

96 சதவீதத்தில் நேராக மரத்தைப் போடாதீர்கள். ஓக்கில் நமக்கு வேண்டியதில் ஒரு பகுதி ஸ்பிரிட்டில் கரையும், இன்னொரு பகுதிக்குத் தண்ணீர் வேண்டும். 55-லிருந்து 65 சதவீதம்தான் நல்ல இடம். அமெரிக்காவில் போர்பன் என்ற விஸ்கியைப் பீப்பாயில் ஊற்றும்போது 62.5 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். ஆகவே 500 மில்லி ஸ்பிரிட்டோடு சுமார் 325 மில்லி தண்ணீர் சேருங்கள். கூட்டிப் பார்த்தால் 825 வர வேண்டும், ஆனால் 800 சொச்சம்தான் இருக்கும். கொட்டிவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்தால் அளவு சுருங்கும், லேசாகச் சூடும் ஏறும். இப்போது அது 60 சதவீதம்.

இதில் வறுத்த ஓக் துண்டுகள் 4 கிராம். வீட்டில் வைன் போடுபவர்களுக்கான கடையில் 'மீடியம் டோஸ்ட்' (நடுத்தரமாக வறுத்தது) என்று கேளுங்கள். மரக்கடைத் துண்டு, பழைய மேஜைக்கால் எதுவும் வேண்டாம், அதில் என்ன பூசியிருக்கிறார்கள் என்று தெரியாது. அமெரிக்க ஓக் என்றால் தேங்காய் போன்ற ஒரு வாசனை தூக்கலாக வரும், விஸ்கி லாக்டோன் என்ற பொருள் அதில் அதிகம். வெனிலா வாசனை, மரத்தின் லிக்னின் வறுபடும்போது உடைந்து வருவது.

மூன்றாம் நாள் வெறும் டீத்தண்ணி நிறம் வரும். அப்போது முகர்ந்தால் பென்சில் சீவிய வாசனைதான் அடிக்கும், நிறைய பேர் இந்த இடத்தில் மனசு விட்டுப்போய்க் கொட்டிவிடுகிறார்கள். பத்தாம் நாளுக்கு மேல் அந்தப் பச்சை மரவாசனை பின்னால் போய் வெனிலா முன்னால் வரும். இரண்டு வாரத்திலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் சொட்டு எடுத்து, தண்ணீரில் பாதிக்குப் பாதி கலந்து சுவையுங்கள். பாக்குக் கடித்த மாதிரி நாக்கின் ஓரம் இழுத்தால் உடனே மரத்தை எடுத்துவிட வேண்டும். எனக்கு மூன்று வாரம் சரியாக இருக்கிறது.

மரத்தை எடுத்த பிறகுதான் மசாலா. கீறிய வெனிலா அரைக் காய் ஒரு வாரம், ஆரஞ்சுத் தோல் (வெள்ளைப் பகுதி ஒட்டாமல் சீவியது) இரண்டு நாள், பட்டை விரல் நீளத்தில் ஒன்று இரண்டு நாள், கிராம்பு இரண்டே இரண்டு, ஒரே நாள். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டி மாதக்கணக்கில் மூடிவைக்கச் சொல்லும் முறைகளை நம்பாதீர்கள். ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு நேரம் உண்டு.

கடைசியில் இனிப்பு. 200 கிராம் சர்க்கரையைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, நன்றாக ஆறவைத்துச் சேர்த்து, மொத்தம் ஒன்றரை லிட்டர் வரும்வரை தண்ணீர் ஊற்றுங்கள். 32 சதவீத லிக்யூர் ரெடி. சர்க்கரையில் பாதிக்குப் பதில் கருப்பட்டி போட்டுப் பாருங்கள். அதிரசத்துக்குச் செய்வது போலவே கரைத்து மண் போக வடிகட்ட வேண்டும். அந்தக் கருகல் வாசனை ஓக்கோடு அப்படி ஒட்டிக்கொள்ளும், இங்கே என் வீட்டுக்கு வருகிற போலந்துக்காரர்கள் கேட்டு வாங்கிக்கொண்டு போகிறார்கள். பிறகு ஒரு மாதம் தொடாமல் இருட்டில் வையுங்கள்.

குக்கரில் வைத்து ஒரு விசில் விட்டால் மூன்று வாரம் மிச்சமாகுமே?

தயவுசெய்து செய்யாதீர்கள். 96 சதவீத ஸ்பிரிட் 17 டிகிரியிலேயே தீப்பற்றக்கூடிய ஆவி விடும், 40 சதவீதம்கூட சுமார் 26 டிகிரியில். அடுப்பு எரியும் சமையலறையில் மூடியைத் திறந்துவைப்பதே ஆபத்து, இதில் அழுத்தம் வேறா? சர்க்கரையைக் கருக்கி நிறம் சேர்ப்பவர்களும் கவனியுங்கள்: கருகிய சர்க்கரையில் சுடுதண்ணீர் ஊற்றிக் கரைத்து, அடுப்பை அணைத்து, முழுக்க ஆறின பிறகுதான் ஸ்பிரிட் பாட்டிலையே பக்கத்தில் கொண்டுவர வேண்டும்.

எட்டு கிராம்பு போட்டேன். பல் டாக்டர் ரூம் வாசனை அடிக்கிறது. காப்பாற்ற முடியுமா? (டொராண்டோ)

முடியும், நானும் என் முதல் ஜாடியில் இதையே செய்தேன். பல் மருந்தில் இருக்கும் அதே யூஜினால்தான் கிராம்பிலும், அதனால் அந்த வாசனை உங்கள் பிரமை இல்லை. சர்க்கரை போட்டு மறைக்கப் பார்க்காதீர்கள். மசாலா இல்லாமல் ஓக் மட்டும் போட்ட இன்னொரு ஜாடி தயார் செய்து, இதை அதில் பத்தில் ஒரு பங்காகக் கலந்து பாருங்கள். மீதியைப் பாட்டிலில் அடைத்து வையுங்கள், பல வருடத்துக்கு உங்களுக்குக் கிராம்பு எசன்ஸ் வாங்கும் வேலை இல்லை.

தண்ணீர் சேர்த்ததும் பால் மாதிரி கலங்கிவிட்டது. அடியில் கொழகொழவென்று ஏதோ இருக்கிறது. கெட்டுவிட்டதா?

கெடவில்லை. இரண்டும் வேறு வேறு விஷயம். கலங்கியது ஆரஞ்சுத் தோல் எண்ணெயால். வலுவான ஸ்பிரிட்டில் கரைந்திருந்த எண்ணெய், தண்ணீர் கூடியதும் குட்டிக் குட்டித் துளியாகப் பிரிந்து நிற்கிறது. சுவைக்கு ஒரு குறையும் இல்லை. பளிச்சென்று வேண்டுமானால் ஒரு வாரம் ஃப்ரிட்ஜில் வைத்து, குளிரக் குளிரக் காபி ஃபில்டர் பேப்பரில் வடிகட்டுங்கள், பொறுமை வேண்டும், சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும். கொழகொழப்பு பட்டையிலிருந்து வந்த பசை, அதிக நாள் ஊறியிருக்கிறது. வேட்டித் துணியில் முதலில் வடித்துவிட்டுப் பிறகு பேப்பருக்குப் போங்கள். பட்டை வாங்கும்போது, நாம் பிரியாணிக்குப் போடும் தடித்த பட்டை வேண்டாம், அதில் கூமரின் என்ற பொருள் அதிகம், அளவு மீறினால் கல்லீரலுக்கு ஆகாது. இலங்கைத் தமிழர் கடையில் கறுவா என்று கேளுங்கள், சுருட்டுப் போல மெல்லிய சுருளாக இருக்கும். ஒரு வெள்ளைப் பொடி மட்டும் அடியில் படிந்தால் அது குழாய்த் தண்ணீரின் உப்பு, அடுத்த முறை காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றுங்கள்.

ஆல்கஹால் மீட்டர் வாங்கிவிட்டேன், என் லிக்யூரில் போட்டால் பூஜ்யம் காட்டுகிறது!

மீட்டர் சரிதான். அது அளப்பது அடர்த்தியை. ஸ்பிரிட் அடர்த்தியைக் குறைக்கும், சர்க்கரை கூட்டும், இரண்டும் சமமாகிவிட்டால் வெறும் தண்ணீர் என்று நினைத்துக்கொள்ளும். இனிப்புச் சேர்க்கும் முன்பே அளந்து எழுதிவைத்துவிட்டு, பிறகு கணக்குப் போடுங்கள்.

இதை வைத்து ஐரிஷ் கிரீம் (விஸ்கியும் பால் கிரீமும் கலந்த லிக்யூர்) செய்தேன், திரிந்துவிட்டது.

வலுவான ஸ்பிரிட்டைக் கிரீமில் நேராக ஊற்றியிருப்பீர்கள். இதற்கு இனிப்பு சேர்க்காத, 40 சதவீதத்துக்கு இறக்கிய, வெறும் ஓக் ஸ்பிரிட் 300 மில்லி போதும். 400 கிராம் கண்டென்ஸ்டு மில்க், 200 மில்லி கிரீம், ஒரு ஸ்பூன் காபிப் பொடி எல்லாவற்றையும் கலக்கி, ஃப்ரிட்ஜில் குளிரவைத்து, அதில் ஸ்பிரிட்டை நூல் மாதிரி ஊற்றிக்கொண்டே கிளறுங்கள். 15 சதவீதம் வரும், கடையில் வாங்கும் பெய்லிஸ் 17. ஃப்ரிட்ஜில் இரண்டு வாரம், அதற்கு மேல் வேண்டாம்.

கடைசியில் இதை விஸ்கி என்று சொல்லலாமா, கூடாதா?

கூடாது என்றுதான் நான் சொல்வேன். ஐரோப்பாவில் தானியத்திலிருந்து வடித்து, 700 லிட்டருக்கு மிகாத மரப் பீப்பாயில் மூன்று வருடமாவது இருந்தால்தான் விஸ்கி. கரும்புச் சக்கைப்பாகிலிருந்து எடுத்த நியூட்ரல் ஸ்பிரிட்டை அடித்தளமாகக் கொண்ட பல இந்திய விஸ்கிகள் இங்கே அந்தப் பெயரில் விற்க முடியாமல் இருப்பதும் இதனால்தான். ஆனால் லிக்யூர் உலகத்தில் இது கேவலமான வேலை இல்லை. நியூ ஆர்லியன்ஸில் பிறந்த சதர்ன் கம்ஃபர்ட், வெகுகாலம் நியூட்ரல் ஸ்பிரிட்டில்தான் தயாராகிவந்தது, 2017-இல்தான் மறுபடி விஸ்கிக்குத் திரும்பினார்கள். என் பாட்டில்களில் 'ஓக் நலெஃப்கா' என்றும் தேதியும் சதவீதமும் எழுதி ஒட்டுகிறேன்.

செர்ரியைக் கொட்டையோடு போடலாமா?

முழுக் கொட்டையாக ஒரு கைப்பிடி, சில நாள் மட்டும் என்றால் இங்கே போடுகிறவர்கள் உண்டு. நான் போடுவதில்லை. உடைத்த கொட்டை வேண்டவே வேண்டாம், உள்ளே இருக்கும் பருப்பிலிருந்து சயனைடு வரும். பாதாம் வாசனைதான் ஆசை என்றால், தோலுரித்த இனிப்புப் பாதாம் பத்தை லேசாக வறுத்து, ஆறியதும் இரண்டு நாள் ஊறப்போட்டு எடுங்கள்.