கடலோர மொட்டைமாடிக்கு எந்த நாற்காலி?

கேள்வி: நீலாங்கரையில், கடலிலிருந்து அரை கிலோமீட்டருக்குள் எங்கள் வீடு. மொட்டைமாடியில் போட்ட இரும்பு நாற்காலிகள் இரண்டே வருடத்தில் துருப்பிடித்துவிட்டன. தேக்கு, பிரம்பு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை வாங்கலாம்?

பதில்: பழைய நாற்காலிகளைக் காயலான் கடைக்குப் போடும் முன் ஒன்றைக் கவிழ்த்து, காலடியில் உள்ள ரப்பர் புஷ்ஷைக் கழற்றிப் பாருங்கள். மேலே பெயின்ட் சுமாராக இருந்தாலும் உள்ளே குழாயின் முனை செதில் செதிலாக உதிரும். உப்பும் மழைத் தண்ணீரும் தேங்குவது அங்கேதான். அடுத்தது வெல்டிங் வைத்த மூட்டு, அப்புறம் ஸ்க்ரூ. கடையிலும் இந்த மூன்று இடங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது பவுடர் கோட்டிங் (பெயின்ட் பொடியைத் தூவிச் சூட்டில் இறுக்கும் பூச்சு) செய்த அலுமினியம். அதன் மேல் தானாகவே படியும் மெல்லிய ஆக்சைடு படலம் அதைக் காக்கும். இரும்பு மாதிரி துருப்பிடித்து உதிராது. ஆனால் செய்தவர் சாதாரண இரும்பு ஸ்க்ரூ போட்டிருந்தால் வம்புதான். உப்பு ஈரத்தில் இரண்டு உலோகமும் சேர்ந்து ஒரு சின்ன பேட்டரி போல வேலை செய்யும். ஸ்க்ரூவைச் சுற்றி வெள்ளையாகப் பொடி பூத்து அலுமினியம் அரிக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூதானா என்று கேட்டே வாங்குங்கள்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் கடைக்காரர் காந்தத்தை வைத்து, “ஒட்டலை பாருங்க, அசல்” என்பார். மலிவான 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது. கடற்காற்றில் அது சீக்கிரமே பழுப்புப் புள்ளி விடும். சமையலறைக்கு 304 தாராளம். கடலோரத்துக்கு மாலிப்டினம் என்ற உலோகம் 2 சதவீதத்துக்கு மேல் சேர்ந்த 316 வேண்டும். விலையைக் கேட்டால் நீங்களே அலுமினியத்துக்குத் திரும்பிவிடுவீர்கள்.

தேக்கு நல்லதுதான், வைரம் பாய்ந்த கட்டையாக இருந்தால். வெளிறிய மஞ்சளில் வெள்ளைக்கட்டை சேர்ந்திருந்தால் அது கரையானுக்கு வைத்த விருந்து. வெயிலில் தேக்கு சாம்பல் நிறமாகும். அது நரைதான், அழுகல் இல்லை. பயந்துபோய் வார்னிஷ் அடித்தால் வெயிலில் தோல் தோலாக உரியும்.

அசல் பிரம்பு கூரை உள்ள வராந்தாவோடு சரி. பிளாஸ்டிக் பிரம்பு பிடித்திருந்தால் தூக்கிப் பாருங்கள். கனத்தால் உள்ளே இரும்புச் சட்டம் இருக்கிறது, வேண்டாம். பின்னல் பாலிஎத்திலீனாக இருக்கட்டும். பி.வி.சி. வெயிலில் மொறுமொறுத்து ஒடியும்.

அலுமினியத்தில் ஒரு குறை, எடை இல்லை. 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தபோது சென்னையில் மரங்களே வேரோடு சாய்ந்தன. இந்த நாற்காலி எந்த மூலைக்கு? புயல் எச்சரிக்கை வந்ததும் உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள். வெயிலுக்குக் குடை நிறுத்தத் தளத்தில் துளை மட்டும் போடாதீர்கள், கீழ் அறையில் ஒழுகும். கனமான கான்கிரீட் அடிக்கட்டை போதும்.

பத்து நாளைக்கு ஒருமுறை, செடிக்கு ஊற்றும்போது நாற்காலியையும் கழுவிவிடுங்கள். போர் தண்ணீர் உப்புக் கரித்தால் அது ஆகாது. மெட்ரோ தண்ணீர் ஒரு வாளி எடுத்துக்கொள்ளுங்கள்.