வாசகர் கேள்வி: முகாமுக்கு மருந்துப் பெட்டி அனுப்பலாமா?

கேள்வி: சூடான் போருக்குத் தப்பி சாட் நாட்டின் அத்ரே ஊரில் தங்கியிருப்பவர்களுக்காக எங்கள் பழைய மாணவர் சங்கம் வீடுவீடாக மருந்து திரட்டியிருக்கிறது. எப்படி அனுப்புவது?
- வாசகர், ஈரோடு

பதில்: அனுப்ப வேண்டாம். நோயாளிக்குக் கொடுத்து மிச்சமானதையும் இலவச சாம்பிளையும் நன்கொடையாகத் தரக் கூடாது என்கின்றன உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு நெறிகள். போய்ச் சேரும்போது காலாவதிக்கு ஓராண்டாவது பாக்கி இருக்க வேண்டும். நம் மருந்துக்கடையில் நாலு மாத்திரை கேட்டால் அட்டையைக் கத்தரித்துத் தருவார்கள். அதில் காலாவதி தேதியும் பேட்ச் எண்ணும் பெரும்பாலும் மறுபாதியோடு போய்விடும். பிரெஞ்சும் அரபியும் படிக்கத் தெரிந்த அங்குள்ள நர்ஸ், மிஞ்சிய துண்டை வைத்து என்ன செய்வார்? மருத்துவம் பார்க்க வேண்டியவர்கள் மருந்து பிரிக்க உட்கார வேண்டியதுதான். 1992 முதல் 1996 வரை போஸ்னியாவுக்கு வந்ததில் சுமார் 17,000 டன் உதவாத மருந்து. அதை அழிக்க 3.4 கோடி டாலர் ஆகும் என்று கணக்கிட்டார்கள்.

அவசர காலத்துக்கென்றே தயாரான மருந்துத் தொகுப்பு உண்டு. 10,000 பேருக்கு 3 மாதம் வரும். அதன் அடிப்படைப் பெட்டிகள் ஒவ்வொன்றும் 1,000 பேருக்கு: உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம், துத்தநாக மாத்திரை, பாராசிட்டமால் போன்றவை. இந்த அடிப்படைப் பெட்டிகளில் ஊசி மருந்து கிடையாது. டாக்டர் இல்லாத இடத்திலும் சுகாதாரப் பணியாளரே கொடுக்கலாம்.

ஆகவே இத்தகைய தொகுப்பை அனுப்பும் உதவி அமைப்புக்குப் பணமாகக் கொடுங்கள். கொடுக்குமுன், அது எந்த நாட்டில் செலவாகும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இங்கே பதிவான அறக்கட்டளைகள் வெளிநாட்டில் செலவழிக்க வரிச் சட்டத்தில் கட்டுப்பாடு இருக்கிறது. பலர் இதைக் கேட்பதே இல்லை. திரட்டிய மருந்தைத் தெருக்குப்பையில் கொட்டாமல், பக்கத்து மருத்துவமனையின் மருத்துவக் கழிவோடு சேர்க்க முடியுமா என்று விசாரியுங்கள்.

கேள்வி: பள்ளிப் புத்தகங்களாவது அனுப்பலாமா?
- வாசகி, கரூர்

பதில்: நம் ஆங்கிலப் பாடநூல் அரபியில் படித்த பிள்ளைக்கு வெறும் சுமை. நோட்டில்கூட மார்ஜின் இடப்பக்கம் இருக்கும். அவர்கள் எழுதுவது வலமிருந்து இடமாக. அவசர காலத்தில் வகுப்பு நடத்த யுனிசெஃப் அனுப்பும் பள்ளிப் பெட்டியில் இதனால்தான் பாடநூல் வைப்பதில்லை. அதை உள்ளூரில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு ஆசிரியர், 40 பிள்ளைகள், 3 மாதம் என்பது ஒரு பெட்டியின் கணக்கு. நோட்டு, பென்சில், கத்தரிக்கோல் எல்லாம் இருக்கும். கூடவே பெயிண்டும் தருகிறார்கள்: பெட்டியின் மூடியில் அடித்துக் காயவிட்டால் அதுவே கரும்பலகை.