ஆறுமணிக்குருவியும் துடைப்பமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மார்கழி பிறந்ததிலிருந்து நண்பர்கள் ஐந்து பேர் ஞாயிறு காலைகளில் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் பறவை பார்க்கிறோம். பொங்கல் பறவைக் கணக்கெடுப்பிலும் சேர எண்ணம். நல்ல பூங்கா, ஒரு சருகுகூடக் கிடக்காமல் துப்புரவாக வைத்திருக்கிறார்கள். ஆனால் காகம், மைனா, புறா தவிர எதுவும் தட்டுப்படவில்லை. எங்களில் ஒருவர் ஓயாமல் பேசுவார், அதனாலா? ஆறுமணிக்குருவியின் குரலைக் கைபேசியில் போட்டும் பார்த்தோம். எந்த பைனாகுலர் வாங்கலாம்?

– ஒரு வாசகர், சென்னை

அன்புள்ள நண்பருக்கு,

பைனாகுலர் 8x42 போதும், அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டுவது, முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர். பத்து மடங்கு வாங்கினால் கை நடுக்கமும் பத்து மடங்காகத் தெரியும். நண்பர் பேசட்டும், பாவம். மார்கழி ஒலிபெருக்கியைத் தாங்கும் குருவிகள் அவருடைய அலுவலகக் கதையையும் தாங்கும்.

கைபேசிக் குரலை மட்டும் இன்றோடு நிறுத்துங்கள். இமய அடிவாரத்திலிருந்தோ மத்திய இந்தியக் காடுகளிலிருந்தோ இரவுகளில் பறந்து, களைத்து யார் வீட்டு பால்கனியிலோ விழுந்து, காக்கைகளிடம் தப்பி வந்து சேரும் குருவி அது. போட்டிக்கு ஆள் வந்துவிட்டது என்று மேய்ச்சலை விட்டுவிட்டு ஓடிவரும். உங்களுக்கு ஒரு படம், அதற்குப் பட்டினி. என்ன ரசனை இது?

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. சருகு பற்றிக் கொஞ்ச நாளாகவே எழுத நினைத்திருந்தேன். சருகு இல்லை என்று பாராட்டிவிட்டு, அடுத்த வரியிலேயே பறவை இல்லை என்கிறீர்கள். இரண்டையும் முடிச்சுப் போடத் தோன்றவில்லையா?

ஆறுமணிக்குருவி, கொடிக்கால் வாலாட்டி, செந்தலைப் பூங்குருவி – குளிர்காலத்தில் நம் ஊருக்கு வரும் இந்த மூன்றும் தரையில் இரை தேடுபவை. வடகிழக்குப் பருவமழையில் நனைந்த சருகுக்கு அடியில்தான் புழு, வண்டு, கரையான், நத்தை எல்லாம் இருக்கும். சருகைப் பெருக்கினால் மண் காய்ந்து இறுகிவிடும். அப்புறம் அங்கே குருவிக்கு என்ன வேலை? கிண்டி தேசியப் பூங்கா 2.7 சதுர கிலோமீட்டர்தான், சுற்றிலும் நகரம். அங்கே மரத்தடிகளை யாரும் பெருக்குவதில்லை, இவை வருகின்றன.

எங்கள் பகுதிப் பூங்காவில் மோட்டார் அறைக்குப் பின்னால் துடைப்பம் எட்டாத ஒரு மூலை இருந்தது. புங்கஞ்சருகு கணுக்காலளவு கிடக்கும். ஒரு கார்த்திகைக் காலையில் அங்கே ஆறுமணிக்குருவியைப் பார்த்தேன். அலகால் ஓர் இலையைப் புரட்டிப் போட்டது. தலையைச் சாய்த்து நின்றது. கட்டை வால் மேலும் கீழும் ஆட, அடியிலிருந்த சிவப்பு தெரிந்து மறைந்தது. ஒரு மண்புழுவை இழுத்தது, பாதியில் அறுந்தது. மீதிக்காக அதே இடத்தைக் கிளறிக்கொண்டே இருந்தது.

அடுத்த வருடம் அந்த மூலையில் பேவர் பிளாக் பதித்து, ஓரத்தில் கொரியன் புல் வைத்திருந்தார்கள். பாம்பு, கொசு என்று நடைப்பயிற்சிக்காரர்கள் மனு கொடுத்தார்களாம். கொசு தேங்கிய தண்ணீரில் முட்டையிடும், சருகில் இல்லை. அதே பூங்காவில் பறவை பார்க்க என்னோடு வரும் நண்பரும் அந்த மனுவில் கையெழுத்துப் போட்டிருந்தார்! கொஞ்ச நாள் அவரோடு பேசவில்லை. அப்புறம் அவர் ஃபிளாஸ்க்கில் கொண்டுவரும் காப்பிக்காகச் சமாதானமானேன்.

பெருக்கும் பெண்களிடம் போய் நிற்காதீர்கள், அவர்கள் சொன்னதைச் செய்கிறவர்கள். பூங்கா மேற்பார்வையாளரைப் பாருங்கள். நடைபாதையைப் பெருக்கட்டும், புதருக்கு அடியில் மட்டும் விட்டுவைக்கச் சொல்லுங்கள். முதல் தடவை சிரிப்பார், மறுபடியும் போங்கள். இந்தப் பருவத்துக்குப் பயன்படாது. புரட்டாசிக்குள் பேசி முடித்தால் ஐப்பசியில் வருகிற குருவிக்கு உதவும்.