பள்ளி இசை ஆசிரியராவதற்கான பட்டப்படிப்பில் உண்மையில் என்ன கற்கிறோம்?

கேள்வி: சிறு வயதிலிருந்தே இசை கற்று வருகிறேன். பள்ளியில் இசை ஆசிரியராக வேண்டும் என்பது என் விருப்பம். நன்றாகப் பாடவும் வாசிக்கவும் தெரிந்த ஒருவர் இதற்கெனத் தனியாகப் பட்டம் படிக்கத்தான் வேண்டுமா? அந்தப் படிப்பில் என்ன கற்றுத் தருகிறார்கள்?

படிக்க வேண்டும் என்பதே என் பதில். பல நாடுகளில் பள்ளி ஆசிரியர் பணிக்குப் பட்டமும் ஆசிரியர் தகுதியும் கட்டாயம் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. இசை கற்ற நாம் அனைவரும் நம் குரலையும் நம் விரலையும் கேட்டுக் கேட்டே வளர்ந்தவர்கள். ஆண்டுக்கணக்கில் செய்த சாதகம் நம் காதை நம் பக்கமே திருப்பி வைத்திருக்கிறது. முப்பது குழந்தைகள் ஒன்றாகப் பாடும்போது யாருடைய சுருதி விலகுகிறது, பாட்டின் எந்த இடத்தில் விலகுகிறது, ஏன் விலகுகிறது என்று கேட்டறியும் காது வேறு. அந்தப் பட்டத்தைப் படித்து முடித்துப் பள்ளியில் கற்பித்து வருபவர் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த ஆண்டுகளில் நான் பெற்றவற்றுள் மற்றவையெல்லாம் இந்த ஒன்றுக்குத் துணை நிற்பவையே.

பட்டத்திற்கு இரண்டு வழிகள் உண்டு. இசையையும் கல்வியியலையும் தொடக்கத்திலிருந்தே சேர்த்துப் படிக்கும் இசைக்கல்விப் பட்டம் ஒன்று. இசையில் மட்டும் பட்டம் பெற்று, அதன்பின் தனியாக ஆசிரியர் பயிற்சி முடிப்பது மற்றொன்று. பள்ளியே தன் இடம் என்று தெளிவாகத் தெரிந்தவர்களுக்கு முதல் வழியையே பரிந்துரைப்பேன். காலையில் கற்ற ஹார்மனியை (சுரங்களைச் சேர்த்து ஒலிக்கவைக்கும் முறையை) பத்து வயதுக் குழந்தைக்கு எப்படிச் சொல்வது என்று மாலையிலேயே யோசிக்கும் பழக்கம் அதில்தான் வரும். மேடையா பள்ளியா என்று மனம் இன்னும் ஊசலாடுகிறவர்களுக்கு இரண்டாம் வழி அவகாசம் தரும்.

சேர்க்கைக்குப் பெரும்பாலும் ஆடிஷன் இருக்கும். முதன்மைக் கருவியில் அல்லது குரலில் சில உருப்படிகள், முன்பின் பார்த்திராத நொட்டேஷனை (எழுதிய இசைக்குறிப்பை) பார்த்த மாத்திரத்தில் பாடுவது, கேட்ட சுரத்தொடரைத் திருப்பிச் சொல்வது, அடிப்படைக் கோட்பாட்டுத் தேர்வு, நேர்காணல் ஆகியவை அதில் வழக்கமானவை. நேர்காணலில் ஏன் ஆசிரியராக விரும்புகிறீர்கள் என்று நிச்சயம் கேட்பார்கள். இசை மீது கொண்ட காதலைப் பற்றி மட்டுமே பேசுகிறவரைவிட, ஏதேனும் ஒரு குழந்தைக்கு ஒரு பாட்டைச் சொல்லிக்கொடுத்த அனுபவத்தைப் பற்றிப் பேசுகிறவரின் பதிலில்தான் பிடிப்பு இருக்கும்.

உள்ளே நுழைந்ததும் பலருக்கு ஏற்படும் முதல் அதிர்ச்சி, இதுவரை முதன்மையாக இருந்த கருவிக்கு நேரம் குறைந்துவிடுவதுதான். அந்தக் கருவியில் பயிற்சி தொடரும், தேர்வும் கச்சேரியும் உண்டு. ஆனால் அதனோடு கீபோர்டு, குழந்தைகளின் தாளக் கருவிகள், ரெக்கார்டர் என்னும் எளிய குழல், கிதார், சேர்ந்திசையை நடத்துவது என ஒவ்வொன்றிலும் தொடக்க நிலையிலிருந்து கற்க வேண்டியிருக்கும். இவற்றில் கீபோர்டுக்குத் தனி இடம் உண்டு. கச்சேரி வாசிப்பவரின் விரல்வேகம் ஆசிரியருக்குத் தேவையில்லை. கண்ணைக் குழந்தைகள் மேல் வைத்துக்கொண்டே எளிய கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்களை) தடுமாறாமல் வாசிப்பதும், குழந்தைகளின் குரல் எட்டவில்லை என்றால் அதே பாட்டை உடனே ஒரு சுரம் இறக்கி வாசிப்பதும்தான் தேவை. பார்ப்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்தத் திறன், பல ஆண்டுகள் பியானோ கற்றவர்களுக்கே முதலில் கைகூடுவதில்லை. தாளைப் பார்த்து வாசித்துப் பழகிய கண் குழந்தையின் முகத்துக்கு இடம் மாற நாளாகும்.

காதுப் பயிற்சி வகுப்பில் நடக்கும் ஒரு பயிற்சியை விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் இந்தப் படிப்பின் உயிர் அதில்தான் இருக்கிறது. நான்கு குரல்களுக்கு எழுதப்பட்ட ஒரு சிறு பகுதி உங்கள் கையில் இருக்கும். பேராசிரியர் அதைப் பியானோவில் வாசிப்பார், ஆனால் நடுவே உள்ள குரல் ஒன்றில் ஒரே ஒரு சுரத்தை மாற்றி வாசிப்பார். எந்த இடத்தில், எந்தக் குரலில், சுரத்திலா தாளத்திலா தவறு என்று நீங்கள் சொல்ல வேண்டும். முதல் சில வாரங்களில் மேல்குரலும் கீழ்குரலும் மட்டுமே காதில் விழும். நடுவே உள்ளவை வெறும் நிறமாகக் கலந்துவிடும். மெல்ல மெல்ல ஒவ்வொரு குரலும் தனித்தனியே பிரிந்து கேட்கத் தொடங்கும். அதன்பின் பேராசிரியர் இன்னொரு கேள்வி கேட்பார்: இந்தத் தவறைச் செய்தது பதினொரு வயதுக் குழந்தை என்றால், அதைத் திருத்த நீங்கள் சொல்லப்போகும் ஒரே வாக்கியம் என்ன? "தவறு, மறுபடி பாடு" என்பதை அவர் பதிலாகவே ஏற்கமாட்டார். முந்தைய சுரத்திலிருந்து தாவ வேண்டிய தூரம் அதிகம் என்பதால் தவறியதா, மூச்சு போதாமல் சுருதி இறங்கியதா, பக்கத்துக் குரலைப் பிடித்துக்கொண்டதா என்று காரணத்தைக் கண்டால்தான் அந்த வாக்கியம் கிடைக்கும்.

கற்பித்தல் முறைகள் பற்றிய தாள்களில் மூன்று பெயர்கள் கட்டாயம் வரும். 1890களில் ஜெனீவா இசைக் கல்லூரியில் ஹார்மனி கற்பித்த எமில் ஜாக்-டால்குரோஸ், கோட்பாட்டில் தேர்ந்த மாணவர்கள்கூட லயத்தை உடலால் உணராமல் வெறும் கணக்காகவே வைத்திருப்பதைக் கண்டு, நடை, ஓட்டம், கையசைவு வழியாக லயத்தைக் கற்பிக்கும் முறையை உருவாக்கினார். ஹங்கேரிய இசையமைப்பாளர் ஸோல்டான் கோடாய் (1882–1967) குரலையே முதல் கருவியாகவும் நாட்டார் பாடலையே முதல் பாடமாகவும் வைத்தார். அந்த மரபில் சுரங்களைக் காட்ட இன்று பயன்படும் கைச்சைகைகள் 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜான் கர்வென் பயன்படுத்தியவற்றிலிருந்து வந்தவை. ஜெர்மானியரான கார்ல் ஓர்ஃப் (1895–1982), குனில்ட் கீட்மானுடன் சேர்ந்து, பேச்சு, அசைவு, எளிய தாளக் கருவிகள் ஆகியவற்றிலிருந்து குழந்தைகளே இசையை உருவாக்கும் வழியைக் காட்டினார்.

இவற்றைப் பெயரளவில் மனப்பாடம் செய்து தேர்வெழுதுவதில் பயனில்லை. செய்து பார்க்க வேண்டும். ஓர்ஃப் முறைக்கான சைலஃபோன்களில் (குச்சியால் தட்டி வாசிக்கும் கட்டை வரிசைகளில்) கட்டைகளைக் கழற்றி எடுக்க முடியும் என்பது சிறிய செய்திதான். ஆனால் அதிலிருந்து மத்யமத்தையும் (ம) நிஷாதத்தையும் (நி) கழற்றிவிட்டால் எஞ்சுவது ஸ, ரி, க, ப, த. அதாவது மோகன ராகத்தின் ஐந்து சுரங்கள். இனி எந்தக் குழந்தை எந்தக் கட்டையைத் தட்டினாலும் மற்றவர்களோடு உறுத்தாது. தவறு செய்வோமோ என்ற பயத்தைக் கருவியிலேயே நீக்கிவிட்டு, பிறகு கற்பனையைக் கேட்கிறார்கள். ஏற்பாட்டிலேயே பாதிக் கற்பித்தல் முடிந்துவிடுகிறது என்பதை எனக்கு முதலில் உணர்த்தியது இதுதான். ஒரே முறைக்கு அடியாராகிவிடுவதை நான் ஏற்பதில்லை. லயம் தடுமாறும் வகுப்புக்கு டால்குரோஸும் சுருதி தடுமாறும் வகுப்புக்குக் கோடாயும் கைகொடுப்பார்கள்.

கர்நாடக இசை பயின்று இந்தப் படிப்புக்கு வருபவர்கள் ஐந்து கோடுகளில் எழுதும் மேற்கத்திய ஸ்டாஃப் நொட்டேஷனைக் கண்டு மிரள்வதுண்டு. அது சில மாத உழைப்பில் வசப்படும். மாறாக, எந்தச் சுருதியை எடுத்துக்கொண்டாலும் அதை ஸட்ஜமாக வைத்து மற்ற சுரங்களை உறவால் அறியும் பழக்கம் அவர்களிடம் ஏற்கெனவே ஊறியிருக்கிறது. கோடாய் முறையில் இடம் மாறும் 'டோ' (நம் ஸட்ஜம் போன்ற முதல் சுரம்) செய்வதும் இதையேதான். மற்றவர்கள் புதிதாகப் பழக வேண்டியது அவர்களுக்கு முதல் நாளிலேயே கையில் இருக்கிறது.

குழந்தைக் குரலைப் பற்றிய தாளைத் தயவுசெய்து அலட்சியமாக நினைக்க வேண்டாம். பெரியவர்கள் தமக்கு வசதியான சுருதியில் பாட்டைத் தொடங்கிவிடுவது வகுப்பறையில் மிகச் சாதாரணமாக நடக்கிறது. ஆறேழு வயதுக் குழந்தைகள் பலருக்கு, மேற்கத்திய சுரப்பெயர்களில் சொன்னால், பியானோவின் நடு 'சி'க்கு மேலுள்ள 'டி'யிலிருந்து 'ஏ' வரையிலான ஐந்து சுரங்களே சிரமமில்லாத எல்லை. அதற்குக் கீழே போனால் பாடுவதை விட்டுப் பேசத் தொடங்குவார்கள், பெரியவர்களோ அந்தக் குழந்தைக்குச் சுருதி வராது என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஆண் ஆசிரியர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: அவர்கள் குரல் குழந்தைகளின் குரலுக்கு ஒரு ஸ்தாயி (ஒரு ஸ முதல் அடுத்த ஸ வரையிலான தூரம்) கீழே ஒலிப்பதால், சில குழந்தைகளால் அதைத் தம் ஸ்தாயிக்கு மாற்றிப் பாட முடிவதில்லை. பொய்க்குரலில் (இயல்பைவிட உயர்ந்த மெல்லிய குரலில்) பாடிக் காட்டலாம், அல்லது உறுதியாகப் பாடக்கூடிய ஒரு குழந்தையை முதல் சுரத்தைக் கொடுக்கச் சொல்லலாம். பாட்டு வராது என்று முத்திரை குத்தப்பட்ட எத்தனையோ பிள்ளைகளுக்குத் தேவைப்பட்டது இரண்டு சுரம் ஏற்றப்பட்ட சுருதி மட்டுமே என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

பருவ வயதில் ஆண்பிள்ளைகளின் குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி இறங்குகிறது. பெண்பிள்ளைகளின் குரலிலும் மாற்றம் உண்டு, காற்றுக் கலந்து ஒலிக்கும் காலம் ஒன்று வரும். அப்போது பாடவே வேண்டாம் என்று உட்கார வைத்துவிடுவது பழைய வழக்கம். மாறிக்கொண்டிருக்கும் குரலில் நிலையாக நிற்கும் நான்கைந்து சுரங்களைக் கண்டுபிடித்து, அவற்றுக்குள் அமையும் ஒரு பகுதியை அந்த மாணவனுக்கென்றே எழுதிக்கொடுக்கக் கற்பதுதான் இன்றைய படிப்பு. இசையமைப்புத் தாளில் கற்றது பயன்படும் இடமும் இதுதான்.

அடுத்தது பள்ளியில் நேரடிக் கற்பித்தல் பயிற்சி. இசை வகுப்பை நடத்துவதில் உள்ள ஒழுங்கு மற்றப் பாடங்களின் ஒழுங்கிலிருந்து வேறுபட்டது. இங்கே சத்தம் என்பது பாடத்தின் மூலப்பொருள். குச்சிகள் குழந்தைகளின் கைக்குப் போன மறுகணம் நீங்கள் சொல்லும் எதுவும் காதில் விழாது. ஆகவே சொல்ல வேண்டியதை முதலில் சொல்லி, தாளத்தைக் கையால் தட்டியும் வாயால் சொல்லியும் பழக்கிவிட்டு, கடைசியில்தான் கருவியைக் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகும் குச்சிகளைத் தோளில் சாய்த்து வைக்கும் ஓர் ஓய்வுநிலையை முதல் நாளே பழக்கியிருக்க வேண்டும். எங்களுக்கு வழிகாட்டியாக இருந்த ஆசிரியை, பின்வரிசையில் அமர்ந்து இரண்டே விவரங்களைக் குறிப்பார்: பயிற்சி மாணவர் பேசிய நேரம், குழந்தைகள் இசைத்த நேரம். வகுப்பு முடிந்ததும் அந்தத் தாளை ஒன்றும் சொல்லாமல் கையில் கொடுப்பார். வேறு விமரிசனம் தேவைப்பட்டதே இல்லை.

1838இல் பாஸ்டன் நகரின் பொதுப்பள்ளிகளில் லோவெல் மேசனின் முயற்சியால் இசை முறையான பாடமாக ஏற்கப்பட்டபோது, அது எல்லாக் குழந்தைகளுக்குமான பாடம் என்பதே அதன் அடிப்படையாக இருந்தது. இன்றும் அதுவே இசைப் பள்ளிக்கும் பொதுப்பள்ளிக்கும் உள்ள வேறுபாடு. உங்களிடம் வரும் குழந்தைகளில் பெரும்பாலானோர் இசைக் கலைஞராகப் போவதில்லை. சிலருக்கு இசையில் விருப்பமே இருக்காது. சிலருக்குக் கேட்கும் திறனோ கைகளின் இயக்கமோ குறைந்திருக்கும். ஒரே பாட்டில் இவர்கள் அனைவருக்கும் பொருளுள்ள ஒரு வேலையை அமைத்துத் தருவது எப்படி என்பதையும் பாடத்திட்டத்தின் ஒரு பகுதியாகவே கற்பிப்பார்கள்.

உடல்நலம் பற்றியும் சொல்ல வேண்டும். ஆசிரியர் தொழிலே குரல் பாதிப்புக்கு இடம் கொடுப்பது. நாள் முழுவதும் பேசியும் பாடியும் காட்டும் இசை ஆசிரியர்களுக்கு அந்த ஆபத்து இன்னும் கூடுதல். காதுக்கும் எல்லை உண்டு: 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரத்திற்கு மேல் கேட்கலாகாது என்றும், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும் என்றும் ஒரு கணக்கு உண்டு, அதன்படி 94 டெசிபலுக்கு ஒரு மணி நேரமே. தாளக் கருவிகளும் ஊதுகருவிகளும் ஒலிக்கும் சிறிய அறை இந்த அளவை எளிதில் எட்டிவிடும். மாணவராக இருக்கும்போதே காதடைப்பான் அணியவும், கத்தாமல் கைச்சைகையால் வகுப்பை நிறுத்தவும் பழகிக்கொள்ளுங்கள்.

விண்ணப்பிக்கும் முன் ஏதேனும் ஒரு பள்ளியில் அனுமதி பெற்று இசை வகுப்பைப் பாருங்கள். ஆசிரியரைப் பார்ப்பதைவிடக் கடைசி வரிசைக் குழந்தைகளைப் பாருங்கள்; அவர்களில் யாருக்கு உதடு மட்டும் அசைகிறது, யார் அடுத்தவரைப் பார்த்துத் தட்டுகிறார்கள் என்று கவனிப்பது உங்களுக்குச் சலிப்பூட்டுகிறதா, அல்லது அருகில் போய் ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றுகிறதா என்பதை வைத்தே இந்தப் படிப்பு உங்களுக்கானதா என்று முடிவு செய்யலாம். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது, முதலாண்டிலேயே பள்ளிக்கு அனுப்புகிறார்களா அல்லது இறுதியாண்டு வரை காக்க வைக்கிறார்களா என்று மறக்காமல் கேளுங்கள். முதலாண்டிலேயே அனுப்பும் கல்லூரி பெயரில் சற்றுச் சிறியதாக இருந்தாலும் நான் அதையே தேர்ந்தெடுப்பேன்.