இரவு மூடியவரே காலையில் திறக்க வேண்டுமா?

எதிரே புதுச் சங்கிலிக் கடை வந்ததும் உங்கள் சூப்பர் மார்க்கெட் நேரத்தை இரவு 11 வரை நீட்டிவிட்டார்கள், மூடியவரே காலை 7-க்குத் திறக்கவும் வேண்டியிருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனசு கனத்துவிட்டது. நானும் பில்லிங்கில் நின்றவள்தான்.

முதலில் ஒரு நோட்டு போடுங்கள். 11 மணி என்பது வாடிக்கையாளருக்கு மட்டும். அதற்குப் பிறகுதானே நமக்குக் கல்லா எண்ணுகிற வேலை? கணக்கு இடித்தால் சில்லறையைக் கொட்டி மறுபடி எண்ண வேண்டும், தரை துடைக்க வேண்டும், ஷட்டர் இறக்க வேண்டும். வெளியே கால் வைத்த நேரத்தை அன்றன்றே குறித்து வையுங்கள். எனக்குத் தினமும் 40 நிமிடம் சம்பளமில்லாமல் போனது அப்படி எழுதிய பிறகுதான் தெரிந்தது. நோட்டைப் பார்த்தபின் மேலாளரும் இறங்கி வந்தார்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003-ஆம் ஆண்டு வேலைநேர விதிப்படி, 24 மணி நேரத்துக்குள் 11 மணி நேரத் தொடர் ஓய்வு கட்டாயம். உங்களுக்கு 8 மணி நேரம்கூடத் தேறவில்லை, அதிலும் பயணம் போக எவ்வளவு தூங்குவீர்கள்? உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று தொழிலாளர் அலுவலகத்தில் கேளுங்கள். வாராந்திர ஓய்வுக்குப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1957 உடன்படிக்கையே இருக்கிறது: ஏழு நாளில் 24 மணி நேரம்.

மேலாளரிடம் தனியாகப் போகாதீர்கள். நாலைந்து பேராகச் சேர்ந்து எழுத்தில் கொடுங்கள். மூடும் ஷிஃப்டைத் தொடர்ந்து மூன்று நாள் ஒருவருக்கே கொடுத்து, அடுத்து விடுமுறை விட்டு, அதன்பின் காலை ஷிஃப்டுக்கு மாற்றச் சொல்லுங்கள். இதில் கடைக்கு ஒரு பைசா கூடுதல் செலவில்லை.

கோபத்தில் வேலையை மட்டும் விட்டுவிடாதீர்கள். பதில் என்ன வந்தது என்று இங்கே எழுதுங்கள், பார்த்துக்கொண்டே இருப்பேன்.