மண்வாசனை வேண்டாத ஒரு பீட்ரூட் சோர்பே

கேள்வி: விருந்தின் முடிவில் பரிமாறுவதற்காக, பால் சேர்க்காத ஐஸ் வகையான சோர்பேயை பீட்ரூட்டில் செய்து பார்த்தேன். நிறம் அழகாக வந்தது. ஆனால் முதல் வாயிலேயே, மண்ணைத் தின்பது போல இருக்கிறது என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். காயை நன்றாகக் கழுவித்தான் வேகவைத்தேன். எங்கே தவறினேன்?

பதில்: உங்கள் வீட்டார் சொன்னது உவமை அன்று; உள்ளதை உள்ளபடியே சொல்லியிருக்கிறார்கள். பீட்ரூட்டில் ஜியோஸ்மின் என்றொரு பொருள் இருக்கிறது. மழையில் நனைந்த நிலத்திலிருந்து எழும் வாசனைக்கும் அதுவே முக்கியக் காரணம். மிக நுண்ணிய அளவில் இருந்தாலும் நம் மூக்கு அதைக் கண்டுகொள்ளும்; எத்தனை முறை கழுவினாலும் அது போகாது. மண்வாசனை என்று எழுத்தில் கொண்டாடுகிறோம், கிண்ணத்தில் வந்தால் முகம் சுளிக்கிறோம்.

அதைக் குறைக்க இரண்டு வழிகள் உண்டு. ஜியோஸ்மின் தோலிலும் தோலை ஒட்டிய சதையிலும்தான் மிகுதியாக இருக்கிறது. ஆகவே வெந்த பிறகு தோலை மட்டும் உரிக்காமல், மேல் சதையையும் மெல்லியதாகச் சீவி எடுத்துவிட வேண்டும். அடுத்தது புளிப்பு. எலுமிச்சைச் சாற்றிலுள்ள அமிலம் ஜியோஸ்மினைச் சிதைத்து, மணமற்ற வேறொரு பொருளாக மாற்றுகிறது. அதே அமிலம் பீட்ரூட்டின் சிவப்பைக் காக்கவும் உதவுகிறது. அந்த நிறத்துக்கு நெடுநேரச் சூடு ஆகாது என்பதால், அரைத்த விழுதைச் சர்க்கரைப் பாகோடு சேர்த்துக் கொதிக்கவிடாதீர்கள். பாகு ஆறிய பிறகே கலக்குங்கள்.

நான் கையாளும் அளவைத் தருகிறேன். நடுத்தர அளவுள்ள பீட்ரூட்டுகளைத் தோலோடு முழுதாக அலுமினியத் தாளில் சுற்றி, 190 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஏறத்தாழ ஒரு மணி நேரம், கத்தி தடையின்றி இறங்கும்வரை ஓவனில் சுடவேண்டும். தண்ணீரில் வேகவைத்தால் நிறமும் இனிப்பும் தண்ணீரோடு போய்விடும் என்பதால் சுடுவதையே விரும்புகிறேன். சீவி எடுத்த சதை 400 கிராம் இருக்கட்டும். 200 மில்லி தண்ணீரில் 150 கிராம் சர்க்கரையையும் 40 கிராம் குளுக்கோஸ் சிரப்பையும் கரைத்து ஆறவைத்து, அதோடு சதையையும், 30 மில்லி எலுமிச்சைச் சாற்றையும், ஒரு சிட்டிகை உப்பையும் சேர்த்து, திப்பி இல்லாத அளவுக்கு அரைத்து, மெல்லிய வடிகட்டியில் தேய்த்து வடிக்க வேண்டும். குளிரில் நாக்குக்கு இனிப்பு மட்டுப்படும் என்பதால், உறையவைக்கும் முன் இந்தக் கலவை சற்றே திகட்டுவது போலத்தான் இருக்க வேண்டும். ஆரஞ்சுத் தோலைக் கொஞ்சம் துருவிச் சேர்த்தால் எஞ்சிய மண்வாசனையும் பின்னுக்குப் போய்விடும்.

கேள்வி: சர்க்கரையைப் பாதியாகக் குறைக்கலாமா? காயிலேயே இனிப்பு இருக்கிறதே!

பதில்: குறைக்கலாம்; ஆனால் அதைக் கரண்டியால் அன்று, உளியால்தான் எடுக்க வேண்டியிருக்கும். சோர்பேயில் சர்க்கரை வெறும் இனிப்புக்காக இல்லை. தண்ணீரில் கரைந்த சர்க்கரை அதன் உறைநிலையைத் தாழ்த்துகிறது. அதனால் ஃப்ரீசரின் கழித்தல் 18 டிகிரியிலும் கொஞ்சம் நீர் உறையாமல் பாகாகவே தங்கி, பனித் துகள்களுக்கிடையே நின்று மென்மை தருகிறது. காயின் சொந்தச் சர்க்கரையையும் கணக்கில் கொண்டு, மொத்தக் கலவையில் நூற்றுக்கு 25 முதல் 30 பங்கு சர்க்கரை இருப்பது நல்லது. மேலே சொன்ன அளவு அதற்குள்தான் வருகிறது. குளுக்கோஸ் சிரப் வெள்ளைச் சர்க்கரையைவிட இனிப்பு குறைந்தது. பனித் துகள்கள் பெரிதாக வளர்வதையும் தடுக்கும். ஆகவே திகட்டல்தான் உங்கள் கவலை என்றால், சர்க்கரையில் 30 கிராமை எடுத்துவிட்டு அதே அளவு சிரப்பைக் கூட்டிக்கொள்ளுங்கள். துளிக்கணக்கில் சேர்க்கும் செயற்கை இனிப்பூட்டிகள் நாக்கை ஏமாற்றும், பனியை ஏமாற்றா.

கேள்வி: ஐஸ்கிரீம் இயந்திரம் என்னிடம் இல்லை. மிக்ஸி போதுமா?

பதில்: போதும், பொறுமையும் இருந்தால். அகலமான தட்டில் இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்குக் கலவையை ஊற்றி, ஓரங்கள் இறுகத் தொடங்கியதும், அரை மணிக்கு ஒருமுறை முள்கரண்டியால் சுரண்டிக் கிளறி வாருங்கள். முழுவதும் உறைந்த பிறகு துண்டுகளாக உடைத்து, முன்பே குளிரவைத்த மிக்ஸி ஜாரில் போட்டு, நிறுத்தி நிறுத்தி அரைத்து, மறுபடி மூடிய பாத்திரத்தில் மூன்று மணி நேரம் உறையவையுங்கள். தொடர்ந்து ஓடவிட்டால் மிக்ஸியின் சூட்டிலேயே பாதி உருகி, மறுபடி உறையும்போது கரகரவென்று பெரிய பனித்துகள்களாகிவிடும்.

கேள்வி: கேரட்டிலும் சர்க்கரைவள்ளிக் கிழங்கிலும் இதே முறையில் செய்யலாமா?

பதில்: முறை மாறும். கேரட்டின் நிறப்பொருள் கொழுப்பில் கரைவது. ஆகவே பாலும் கிரீமும் சேர்ந்த ஐஸ்கிரீமுக்கே அது பொருந்தும். சர்க்கரைவள்ளியில் இருக்கும் மாவுச்சத்தை, மெல்லச் சூடேறும்போது கிழங்கின் நொதியே மால்டோஸ் என்னும் சர்க்கரையாக மாற்றுகிறது. எனவே அவசரமாக வேகவைக்காமல் நிதானமாகச் சுட்டெடுங்கள். எஞ்சிய மாவுச்சத்து முட்டை இல்லாமலே குழைவைக் கொடுத்துவிடும். முள்ளங்கியை மட்டும் விட்டுவிடுங்கள். அதன் நெடி எந்த இனிப்புக்கும் அடங்குவதாக எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: உணவகத்தில் வருவது போலத் தட்டில் அழகாக வைக்க முயன்றேன். மேசைக்குக் கொண்டு செல்வதற்குள் அது வழுக்கி ஓரத்துக்குப் போய், சிவப்புக் குளமாகிவிட்டது.

பதில்: எனக்கும் நேர்ந்ததுதான், விருந்தாளியின் வெள்ளைச் சட்டையும் தப்பவில்லை. உறைந்த இனிப்பைத் தட்டில் அமைப்பது காலத்தோடு போடும் பந்தயம் என்பதால், மற்றவை எல்லாம் தயாராகக் காத்திருக்க, சோர்பே கடைசியாக வரவேண்டும். தட்டுகளை இருபது நிமிடம் ஃப்ரீசரில் வையுங்கள். சோர்பேயைப் பத்து நிமிடம் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றினால், உடையாமலும் ஒழுகாமலும் கரண்டிக்கு இணங்கும் பதம் கிடைக்கும்.

வழுக்கலுக்கு மருந்து, அடியில் ஒரு மேசைக்கரண்டி பொடி: வெண்ணெயில் வறுத்த பிஸ்கட் தூளோ, ஒன்றிரண்டாக உடைத்த வறுத்த பாதாமோ. சோர்பேயைப் பிடித்து நிறுத்துவதோடு, உருகும் சிவப்பை உறிஞ்சவும் அது உதவும். மென்மைக்கு எதிராக ஒரு மொறுமொறுப்பும் கிடைக்கும். நடுவில் வைக்காமல் சற்றே ஒதுக்கி வையுங்கள். வெந்நீரில் தோய்த்துத் துடைத்த கரண்டியை உங்களை நோக்கி ஒரே இழுப்பாக இழுத்தால், சோர்பே தானே சுருண்டு முட்டை வடிவம் கொள்ளும். முதல் நாலைந்து கோணலாகத்தான் வரும். பக்கத்தில் புளிப்பில்லாத கெட்டித் தயிர் ஒரு கரண்டி, தோலும் நாரும் நீக்கிய ஆரஞ்சுச் சுளை இரண்டு, பாகில் தோய்த்துத் தாழ்ந்த சூட்டில் உலர்த்திய பீட்ரூட் சீவல் ஒன்று. இதற்கு மேல் எதை வைக்கத் தோன்றினாலும் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்; நீங்கள் அலங்கரிக்கும் ஒவ்வொரு நிமிடமும் அது உருகிக்கொண்டிருக்கிறது.